எக்கோ வேண்டாம் அத்தா

11-7-2017, செவ்வாய்

எலி மறுபடியும் ஒயரைக் கடித்துவிட்டது. அறை முழுக்க நெல் மூட்டை இருக்கும்போது அதை விட்டுவிட்டு ரப்பரைத் தின்கிற எலி என் வீட்டில்தான் பிறக்கும்.

ஆடித் திருவிழாவுக்கு மைக் செட் நமக்குத்தான். நாட்டாமை துரைக்கண்ணு நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார். "பாய், போன வருஷம் மாதிரியே மூணு ஊருக்குக் கேட்கணும்." கேட்கும். பக்கீர் சவுண்ட் சர்வீஸ் கட்டுகிற குழாய் ஹாரனுக்குப் பாடையில் போகிறவனும் எழுந்து, "யாருப்பா அது?" என்று கேட்பான். பத்தாவதில் கணக்குப் பாடத்தை மூன்று முறை எழுதி மூன்று முறையும் கோட்டைவிட்டவனுக்கு இந்த ஒரு பெருமைதான் மிச்சம். இடது காது பாதி போய்விட்டது. வலது காது நன்றாக இருக்கிறது. என் வீட்டுக்காரி மெஹராஜ் திட்டுவதைக் கேட்க ஒரு காது போதும்.

13-7-2017, வியாழன்

சாமான் அறையில் என் மகள் ஜஸீலா பாடிக்கொண்டிருந்தாள். நெல் மூட்டைக்கும் ஸ்பீக்கர் பாக்ஸுக்கும் நடுவே அவளுக்கு ஓர் இடம். மூட்டை இருப்பதால் சத்தம் எதிரொலிக்காதாம், அதனால் அந்த அறைதான் பிடிக்கிறதாம். மதியம் ஆனால் என் மிக்சரில் மைக்கைச் சொருகி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மடியில் அந்தக் குட்டிக் கிதாரை வைத்துக்கொண்டு உட்காருவாள். நாலே கம்பி. யுகுலேலே என்று பெயர். வாயில் நுழைவதற்குள் எனக்குப் பசியெடுத்துவிடுகிறது.

பாட்டை அவளே எழுதுகிறாள், அவளே மெட்டுப் போடுகிறாள், போனில் பிடித்து நெட்டில் ஏற்றுகிறாள். பி.காம். முடித்த பெண். அத்தாவுக்கு வராத கணக்கு அவளுக்கு வந்தது. அத்தாவிடம் இருக்கிற சத்தம் மட்டும் அவளிடம் வரவில்லை.

ஹெட்போனை வாங்கி வலது காதில் வைத்துப் பார்த்தேன். பாட்டுக்கு முன்னால் மூச்சு கேட்கிறது. விரல் கம்பியில் வழுக்குவது கேட்கிறது. எங்கோ ஒரு காக்காய்கூட இருக்கிறது. "மூச்சு மைக்குல விழுதும்மா, கொஞ்சம் எக்கோ வச்சா மறைஞ்சிடும்" என்றேன். எக்கோ என்பது எங்கள் தொழிலில் சாம்பாருக்குப் பெருங்காயம் மாதிரி. போடாமல் இருந்தால் சமைக்கத் தெரியாதவன் என்பார்கள்.

"எக்கோ வேண்டாம் அத்தா. மூச்சும் இருக்கட்டும், காக்காயும் இருக்கட்டும்."

நெட்டில் அவள் பாட்டுக்குக் கீழே யாரோ எழுதியிருக்கிறார்களாம்: காதுக்குள் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்கிறது என்று. காதுக்குள் உட்கார ஒரு பெண், ஊருக்கு மேலே ஏறிக் கத்த ஒரு தகப்பன். நல்ல குடும்பம்.

16-7-2017, ஞாயிறு

கமருன்னிஸாவும் அவருடைய அண்ணன் அப்துல் ஹமீது ஹாஜியாரும் வந்தார்கள். ரைஸ் மில் வைத்திருக்கிற ஹாஜியார் எங்கள் பக்கத்தில் வாயைத் திறந்தால் நாலு கல்யாணம் நடக்கும், மூடினால் நாலு நிற்கும். கமருன்னிஸாவின் மகன் முபாரக் சார்ஜாவில் ஏசி கம்பெனியில் இருக்கிறான். பையனைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பக்ரீத் முடிந்ததும் நிக்காஹ் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. ஜஸீலாவுக்குப் பாஸ்போர்ட் போன மாதமே எழுதிப் போட்டாயிற்று.

வரும்போது ஒரு பெட்டி கொண்டுவந்தார்கள். கரும்பச்சை நிறம், நாலு சக்கரம். முபாரக் அங்கிருந்து வாங்கி அனுப்பியதாம். கமருன்னிஸா அதைக் கூடத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டிக் காட்டினார். தெருப்பிள்ளைகள் எல்லாம் வாசலில் நின்று பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நான் மஸ்கட்டுக்குப் போனபோது கயிறு கட்டிய அட்டைப்பெட்டிதான்.

அவர்கள் போன பிறகு, "சம்மதம்தானேம்மா?" என்று கேட்டேன்.

"உங்க இஷ்டம் அத்தா."

இஷ்டம் என்றால் சம்மதம். அப்படித்தானே?

21-7-2017, வெள்ளி

காப்புக் கட்டியாயிற்று. தென்னை தென்னையாக ஹாரன் கட்டி முடித்தோம், நானும் என் லைன்மேன் இளஞ்செழியனும். திருவிழாக் கொட்டகைக்கு எதிரே என் வீடு என்பதால் ஆம்ப்ளியும் மிக்சரும் சாமான் அறையிலேயே. முழங்கால் போய்விட்டது. ஊருக்குக் காது போனால் சரி.

25-7-2017, செவ்வாய்

இன்றைக்கு எழுத்து கோணலாக வரும். வரட்டும்.

மதியம் பாட்டை நிறுத்திவிட்டு எல்லோரும் சாப்பிடப் போன நேரம். மதகுப் பக்கத்துத் தென்னையில் கட்டிய ஹாரன் காலையிலிருந்து ஊமை. பார்க்கலாம் என்று ஏணியில் ஏறினேன். ஆம்ப்ளியை அணைக்காமல் வந்திருந்தேன். ஒயரைச் சேர்க்கும்போது 'கர்' என்று ஒரு சத்தம் வரும், லைன் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். இளஞ்செழியனிடம் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. மதியத்தில் ஆம்ப்ளி அணைந்திருக்கும் என்பது எங்கள் வீட்டில் சூரியன் கிழக்கே உதிக்கும் என்பது மாதிரி. அதை நம்பித்தான் அவள் தினமும் மைக்கைச் சொருகுகிறாள்.

ஒயரைச் சேர்த்தேன். 'கர்.' அப்புறம் ஒரு மூச்சு.

என் மகளின் மூச்சு. என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, ஹாரன் வாயிலிருந்து. அதுபோலவே எல்லாத் தென்னையிலிருந்தும், எல்லா வயலுக்கும்.

"பெட்டி வாங்கிட்டாங்க மாமி,
நாலு சக்கரம் வச்ச பெட்டி.
என்னை மடிச்சு வைக்க
எத்தனை மடிப்பு வேணும்?"

ஏணியில் அப்படியே நின்றேன். போர்செட் தண்ணீரில் போட்ட குறுவை வயலில் களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள்.

"போட்டோ எடுக்கையில சிரிக்காதேன்னாங்க,
பாஸ்போர்ட்டுக்கு ஆகாதாம்.
அது ஒண்ணுதான் எனக்குச்
சுளுவா வந்துச்சு."

வயலில் ஒரு சிரிப்பு. உடனே அடங்கிவிட்டது. களைக் கூலிக்கு வந்த இடத்தில், சேற்றில் கால் வைத்தபடி, யாரும் அசையவில்லை.

நான் புத்திசாலி இல்லையா, உடனே கையிலிருந்த ஒயரைப் பிடுங்கினேன். அந்த ஒரு ஹாரன் ஊமையானது. மற்றதெல்லாம் பாடிக்கொண்டே இருந்தது. இறங்கி ஓடினேன். கைலி தடுக்கி வாய்க்காலில் விழுந்தேன். எழுந்து ஓடினேன். சாமான் அறைக் கதவைத் தள்ளினால் மகாராணி காதை அடைத்த ஹெட்போனோடு கண்ணை மூடிக்கொண்டு முதல் வரியிலிருந்து மறுபடி பாடிக்கொண்டிருக்கிறாள். முதல் தடவை மூச்சு சரியாக அமையவில்லையாம்!

ஆம்ப்ளியை அணைத்தேன். ஹெட்போனைக் கழற்றினாள். சொட்டச் சொட்ட நிற்கிற என்னைப் பார்த்தாள், அணைந்த ஆம்ப்ளியைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. மைக்கைப் பிடுங்கி ஒயரை ஒழுங்காகச் சுருட்டி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உங்க இஷ்டம் அத்தா. அப்படித்தான் சொன்னாள். அவள் இஷ்டம் என்ன என்பதை ஏணியில் நின்றுதான் கேட்டேன்.

26-7-2017, புதன்

டீக்கடையில் நான் போனதும் பேச்சு நின்றது. சரி, டீ சூடாகக் கிடைத்தது.

களை எடுக்கப் போன தங்கமணி வாசலில் நின்று கூப்பிட்டாள். "பாய், நேத்துப் பாடின பாட்டை இன்னொரு தடவை போடுங்களேன். போட்டோவுக்கு அப்புறம் என்ன வருதுன்னு காத்துல போயிடுச்சு. எங்க ஆளுங்கள்ல ஒருத்தி ஒரு வரி வச்சிருக்கா, இன்னொருத்தி இன்னொரு வரி வச்சிருக்கா, சேர மாட்டேங்குது."

"அது போடுற பாட்டு இல்லம்மா."

"பின்ன எதுக்குப் போட்டீங்க?"

இதற்குப் பத்தாவது தேறினவனாவது பதில் சொல்வானா?

27-7-2017, வியாழன்

ஹாஜியார் வந்தார். கமருன்னிஸா வரவில்லை. படுத்துவிட்டாராம்.

"பக்கீரு, நான் நடந்ததைப் பெருசு பண்ண வரலை. திருவிழா முடியிற அன்னிக்கு அதே மைக்குல, அது ஏதோ சினிமாப் பாட்டு, பொண்ணு சும்மா பாடிப் பாத்துச்சுன்னு சொல்லிடு. தீர்ந்துச்சு."

"எந்தப் படம்னு கேட்டா?"

"ஓடாத படம்னு சொல்லு."

அந்த யோசனை எனக்கே பிடித்துப் போனது. அதுதான் கேவலம். அப்புறம் மெதுவாக மற்றதை எடுத்தார். நெட்டில் இருக்கிற பாட்டெல்லாம் அழிக்க வேண்டும். இனிமேல் பாட்டு வேண்டாம்.

"நீங்க நாகூர் கந்தூரிக்குப் போய் விடிய விடிய பாட்டுக் கேக்குற ஆளாச்சே" என்றேன்.

"நான் பாட்டுக்கு விரோதியா? அவங்க தொண்டையத் திறந்து பாடுறாங்க, அது பாட்டு. இது காதுல வந்து ரகசியம் சொல்றாப்ல இருக்குய்யா. சத்தமாப் பாடினாப் பாட்டு, இப்படிப் பாடினா அது பேச்சு. பேசுற பொண்ணு குடும்பத்துக்கு ஆகாது."

போகும்போது பெட்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். அது கூடத்து மூலையில் நிற்கிறது. மெஹராஜ் அதன் மேல் துவைத்த துணியைப் போட்டு வைத்திருக்கிறாள்.

28-7-2017, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வந்து அவள் எதிரே உட்கார்ந்தேன். வலது காதுப் பக்கமாக.

"அந்தப் பையனைப் பிடிக்கலையா?"

"அவரை எனக்குத் தெரியாது அத்தா. பிடிக்க, பிடிக்காம இருக்க என்ன இருக்கு? அங்க போனா ஒரு ரூம்ல ரெண்டு வருஷம் சும்மா உட்காரணும். பாட்டும் இருக்காது. அதான் பாட்டுல சொல்லிட்டேனே."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"உங்ககிட்டச் சொல்லணும்னா கத்தணும் அத்தா. எனக்குக் கத்த வராது."

அப்புறம் அவள் சாப்பிடப் போய்விட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. மீன் வேறு நன்றாக இருந்தது.

30-7-2017, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

விடையாற்றி, திருவிழாவின் கடைசி நாள். கொட்டகை நிறைந்த கூட்டம். ஹாஜியார் தன் மில் ஆட்களோடு தெரு ஓரத்தில் நின்றார். ஓடாத படத்துக்கு ஒரு பெயர்கூட யோசித்து வைத்திருந்தேன்: 'வளைகுடாப் பறவை'. நன்றாகத்தான் இருந்தது. துரைக்கண்ணு நன்றி சொல்லி முடித்ததும் மைக்கை வாங்கினேன்.

"அன்பார்ந்த பொதுமக்களே" என்று ஆரம்பித்தேன். வாய் பழகியது. அடுத்த வாக்கியம் தானாக வரும் என்று நினைத்தேன். வந்தது. ஆனால் நான் வைத்திருந்தது இல்லை.

"கடந்த செவ்வாய்க்கிழமை மதியம் நமது ஒலிபெருக்கியில் வந்த பாடலைப் பற்றிப் பலர் கேட்டுவருகிறார்கள். அந்தப் பாடல் எந்தப் படத்திலும் இல்லை. எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் என் மகள் ஜஸீலா, பி.காம். ஒலிபெருக்கி உதவி, பக்கீர் சவுண்ட் சர்வீஸ், நீடாமங்கலம் ரோடு."

எக்கோவில் "ரோடு ரோடு ரோடு" என்று போயிற்று.

அப்புறம் பெண்கள் பக்கமிருந்து தங்கமணி ஒருத்தி மட்டும் கை தட்டினாள். ஹாஜியார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

மார்பு இவ்வளவு அகலமாக இருந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

31-7-2017, திங்கள்

நான் வீரன் என்று நினைத்துத் தூங்கி எழுந்தேன். ஜஸீலா பேசவில்லை. சாயங்காலம் பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம்.

"யார் உங்களைச் சொல்லச் சொன்னது?"

"உனக்காகத்தானேம்மா—"

"என் பாட்டு ஒவ்வொருத்தரும் தனியா கேக்குறதுக்கு அத்தா. அதை ஒரு தடவை தெரியாம ஹாரன்ல கட்டுனீங்க, சரி. இன்னொரு தடவை தெரிஞ்சே கட்டுனீங்க."

"நேத்துப் பாட்டைப் போடலையே!"

"பேரைப் போட்டீங்கள்ல? பி.காம். வேற."

2-8-2017, புதன்

சார்ஜாவிலிருந்து போன். முபாரக்! நான் ஸலாம் சொல்வதற்குள் அவன் சொல்லிவிட்டான். திட்டப் போகிறான் என்று போனை இடது காதுக்கு மாற்றினேன். அப்படியும் கொஞ்சம் கேட்டது.

"மாமா, பெட்டி நான் ஆசையா வாங்கலை. அம்மா வாங்கச் சொன்னாங்க, வாங்கினேன். இங்க ஒரு ரூமுக்கு ஆறு பேர் இருக்கோம். ஃபேமிலி விசாவுக்கு என் சம்பளம் பத்தாது. அதைச் சொன்னா அம்மா கேக்க மாட்டேங்குறாங்க." கொஞ்சம் நிறுத்தினான். "அந்தப் பாட்டு நெட்டுல இருக்கா மாமா? லிங்க் அனுப்பச் சொல்லுங்க. நான் கேட்டேன்னு மட்டும் ஊர்ல சொல்லிடாதீங்க."

நல்ல பையன். இந்த மாதிரிப் பையனை மாப்பிள்ளையாக்காமல் விட்டுவிடுகிறோமே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு நிமிஷம்தான்.

4-8-2017, வெள்ளி

பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். "ஆட்டோவில வச்சு, துணி போட்டு மூடி எடுத்துட்டுப் போங்க" என்றாள் மெஹராஜ். சரி என்று தலையாட்டிவிட்டு, கைப்பிடியை இழுத்து நீட்டி, சிமெண்ட் ரோட்டில் உருட்டிக்கொண்டு போனேன். கடகடவென்று தெருவே எட்டிப் பார்த்தது. நாம் திருடிக்கொண்டா போகிறோம்? கமருன்னிஸா வீட்டு வாசலில் நிறுத்தி, ஸலாம் சொல்லி, "மகன் நல்லா இருக்கட்டும்மா, எங்க மேல மனசுல எதுவும் வச்சுக்காதீங்க" என்றேன். கதவுக்குப் பின்னாலிருந்து, "வச்சுக்கத்தான் போறேன்" என்று பதில் வந்தது. அதுவும் நியாயம்தான்.

9-8-2017, புதன்

ஜஸீலா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அறையைப் பூட்டிக்கொண்டு பாடுகிறாள். பூட்டாவிட்டாலும் எனக்குக் கேட்காது.

"இவ ஏன்தான் இப்படிக் கம்மியான குரல்ல பாடுறாளோ" என்று மெஹராஜிடம் புலம்பினேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க மஸ்கட்ல இருந்தப்ப நான் கேசட்ல பேசி அனுப்புவேனே, ஞாபகம் இருக்கா? கூட்டுக் குடும்பம். பக்கத்து ரூம்ல எல்லாரும் இருப்பாங்க. போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டு, ரெக்கார்டரை வாய்கிட்ட வச்சுப் பேசுவேன். அப்ப இவ என் மடியில பால் குடிச்சுக்கிட்டுக் கிடப்பா. இவ காதுல முதல்ல விழுந்த பேச்சே அதுதான். வேற எப்படிப் பாடுவா?"

அந்தக் கேசட்டுகள். ஊருக்கு வந்து திரும்புகிற எவனாவது கொண்டுவந்து கொடுப்பான். கேம்ப்பில் எட்டுப் பேர் படுத்திருப்போம். டேப்பை வயிற்றோடு சேர்த்துப் படுத்துக்கொண்டு, சத்தத்தைக் கடைசி வரை குறைத்து, காதை ஒட்ட வைத்துக் கேட்பேன். அவள் பேசியதைவிட அவள் மூச்சு விட்டதைத்தான் அதிகம் கேட்டேன். பிள்ளை சப்புகிற சத்தம்கூடக் கேட்கும். ஒரு தடவை ஒரு காக்காய்.

அதைக் கேட்டவன்தான் இந்தக் குரலுக்கு எக்கோ வைக்கச் சொன்னேன்.

மெஹராஜ் அழுதாள். வெங்காயம் என்றாள். நான் வெங்காயம் உரிக்கவில்லை.

20-8-2017, ஞாயிறு

இந்த மாதம் மூன்று கல்யாணம் கை நழுவிப் போயிற்று. மூன்றும் ஹாஜியார் பக்கத்துச் சொந்தம். மன்னார்குடி செட்டைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒருத்தர் மட்டும் வீடு தேடி வந்து வருத்தப்பட்டார்: "எனக்கு ஒண்ணுமில்ல பாய், ஹாஜியார்தான்..." என்று இழுத்தார்.

இழுக்கட்டும். கோயில் இருக்கிறது, கட்சிக் கூட்டம் இருக்கிறது, சாவு இருக்கிறது. சாவுக்கு எவனும் ஹாஜியாரைக் கேட்டுக்கொண்டு மைக் செட் சொல்ல மாட்டான். ஒரு வார்த்தை போய் மன்னிப்புக் கேட்டால் சரியாகிவிடும் என்று இளஞ்செழியன் சொன்னான். எதற்கு? என் மகள் பாடியதற்கா, மெதுவாகப் பாடியதற்கா? ஒன்றுக்கும் கேட்க மாட்டேன். ஏணியைத் துடைத்து வைத்தேன்.

6-9-2017, புதன்

தஞ்சாவூரிலிருந்து வள்ளியம்மை என்று ஓர் அம்மா போன் செய்தார். காலேஜில் பாடம் நடத்துகிறவர். மேல வீதியில் அவர் வீட்டு மாடியில் மாதம் ஒரு சனிக்கிழமை யாராவது வந்து பாடுவார்களாம், கதை படிப்பார்களாம். ஜஸீலாவின் பாட்டை நெட்டில் கேட்டிருக்கிறார். வந்து பாட முடியுமா?

ஜஸீலா என் எதிரே வந்து நின்றாள். ஒரு மாதத்துக்கு அப்புறம் நேராக முகத்தைப் பார்த்தாள்.

"அங்க மைக் செட் கிடையாதாம். நீங்க வருவீங்களா?"

"வருவேன்."

"ரெண்டே ரெண்டு சின்ன பாக்ஸ்."

"சரி."

"எக்கோ வேண்டாம்."

"சரிம்மா."

"ஹாரன் ஒண்ணு வண்டியில இருந்துச்சுன்னாக்கூட நான் இறங்கிப் பஸ்ல போயிடுவேன்."

ஹாரனைத் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். இந்த வயதில் மகளிடம் இப்படி ஒரு சத்தியம்.

23-9-2017, சனி

தஞ்சாவூர். மாடியில் ஜமுக்காளம் விரித்து ஒரு நாற்பது பேர் இருப்பார்கள். மொட்டைத் தலையும் தாடியுமாகப் பையன்கள், கண்ணாடி போட்ட பெண்கள். சுவரோரம் வயதானவர்களுக்கு நாற்காலி. என் இரண்டு பாக்ஸும் கல்யாண வீட்டில் ஏழைச் சொந்தக்காரர் மாதிரி ஓரமாக நின்றன. வேறெங்கேயாவது என்றால் இந்த செட்டோடு வந்ததற்கு வெட்கப்பட்டிருப்பேன்.

ஜஸீலா முக்காட்டைச் சரி செய்துகொண்டு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். முதல் பாட்டை ஆரம்பித்தாள். பத்து வார்த்தை போயிருக்கும், பின்னால் நாற்காலியிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார்.

"சவுண்டு! சவுண்டு வைங்க பாய்! ஒண்ணுமே விளங்கல."

கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து, 'சவுண்டு' என்று ஒருவன் கத்தினால் என் கை என்னைக் கேட்காமல் ஏற்றும். கை ஏற்கெனவே மிக்சர் குமிழில் இருந்தது. ஜஸீலா பாட்டை நிறுத்தவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அவளுக்குத் தெரியும், இவர் ஏற்றத்தான் போகிறார் என்று. தோள் இறுகியதைப் பார்த்தேன்.

குறைத்தேன்.

ஒரு கோடு. அப்புறம் இன்னொரு கோடு. வள்ளியம்மையிடம் ஜாடை காட்டினேன், அவர் எழுந்து ஃபேனை நிறுத்தினார். இப்போது வீதியில் போகிற மினி பஸ் கேட்டது. அது போனதும் விரல் கம்பியில் வழுக்குவது கேட்டது. அப்புறம் மூச்சு.

பெரியவர், "என்னய்யா இது, கூட்டச் சொன்னாக் குறைக்கிறான்" என்று முணுமுணுத்தார். யாரோ "ஷ்" என்றார்கள். கொஞ்ச நேரம் கோபமாக நின்றார். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு — இழுக்கவில்லை, தூக்கிக்கொண்டு — முன்னால் வந்து ஜஸீலாவுக்கு நாலடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் ஜமுக்காளத்தில் இருந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து வந்தார்கள்.

கடைசியாகப் பெட்டிப் பாட்டைப் பாடினாள். பாஸ்போர்ட் வரிக்குச் சிரித்தார்கள். அடுத்த வரிக்கு யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் மூக்கை உறிஞ்சியது ரெக்கார்டிங்கில் விழுந்திருக்கும். இருக்கட்டும்.

இளஞ்செழியன் ஓட்டிய வேனில் திரும்பினோம். அம்மாப்பேட்டை தாண்டியது. அப்புறம், "நல்லா இருந்துச்சு அத்தா, சவுண்டு" என்றாள். வலது காதுப் பக்கம் வந்துதான் சொன்னாள்.

12-11-2017, ஞாயிறு

ஜஸீலாவை நாலு இடத்தில் பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள். புதுச்சேரி ஒன்று. மதுரை ஒன்று. மற்றது எனக்குப் பெயர் வாயில் வரவில்லை. போக்குவரத்துக்குக் கொடுக்கிறார்கள், பெரிதாக ஒன்றுமில்லை. "இதுல என்ன கிடைக்கும்?" என்று என் மச்சான் கேட்டான். மஸ்கட்டில் எனக்குக் கிடைத்ததைவிட ஏதோ ஒன்று கூடத்தான் கிடைக்கும் என்றேன். என்ன அது என்றான். எனக்கும் தெரியவில்லை. ஆனால் குரலை உயர்த்தாமல் சொன்னேன், அதனால் மச்சான் நம்பிவிட்டான்.

17-12-2017, ஞாயிறு

ஜஸீலா புதுச்சேரியில் பாடுகிறாள். துணைக்கு மெஹராஜ் போயிருக்கிறாள். எனக்கு இங்கே மார்கழிக்கு ஹாரன் கட்டுகிற வேலை இருந்ததால் போக முடியவில்லை. சாயங்காலம் மெஹராஜ் போன் போட்டாள். "மடியில வச்சுக்கிறேன், கேளுங்க. நீங்க பேசாதீங்க, உங்க குரல் இங்க எல்லாருக்கும் கேட்கும்."

முன் அறையில் உட்கார்ந்து போனை வலது காதில் ஒட்டி வைத்தேன். சரியாகக் கேட்கவில்லை. ஃபேனை நிறுத்தினேன். உள்ளே போய் ஃப்ரிட்ஜை நிறுத்தினேன். புதுப் பாட்டு. பாதி வார்த்தைதான் பிடிபட்டது.

வாசலில் நிழல். ஹாஜியார். ஐந்து மாதத்துக்கு அப்புறம்.

"பக்கீரு, சின்ன மகளுக்கு ஜனவரியில நாள் குறிச்சிருக்கு. மன்னார்குடிக்காரன் போன தடவை—"

உதட்டில் விரலை வைத்தேன்.

ஹாஜியாருக்கு முன்னால் இந்த ஊரில் அப்படி விரல் வைத்தவன் யாரும் இல்லை. அவர் வாய் திறந்தபடியே நின்றது. நான் போனைக் காட்டினேன். புரிந்துவிட்டது. போய்விடுவார் என்று நினைத்தேன். போகட்டும் என்றும் நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பாக்ஸ் மேல் உட்கார்ந்துகொண்டார். அந்த அமைதியில் போனிலிருந்து அவளுடைய குரல் அவருக்கும் கொஞ்சம் எட்டியிருக்க வேண்டும். தலையைச் சாய்த்தார்.

பாட்டு முடிந்து கை தட்டினார்கள். தகரத்தில் மழை விழுகிற மாதிரி இருந்தது.

"முடிஞ்சிடுச்சா?" என்றார், மெதுவாக.

"இன்னொண்ணு இருக்கு" என்றேன்.

உட்கார்ந்திருந்தார்.